சர்க்கரையை மறித்த கை

எங்கள் குடும்பத்தில் இந்நிகழ்ச்சி பலவாறு சொல்லப்படுகிறது. சொல்பவருக்கேற்பப் பழி ஒருவரை விட்டு இன்னொருவர்மேல் ஏறுகிறது. ஆதலால் நான் கண்ணால் கண்டதையும், சித்தி தம் வாயால் சொன்னதையும் அன்றி வேறெதனையும் இங்கு எழுதவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஜோகுபாளையத்தில் கூட்டுக் குடும்பமாக இருந்தோம். சித்தப்பாவின் மகளுக்கு மூன்று வயது நிறையுமுன்பே சர்க்கரை நோய் கண்டது. காலைதோறும் சித்தி இன்சுலின் ஊசி போட்டு, உடனே அவளை உண்ண வைப்பார். மருந்து சென்றபின் உணவு குறைந்தால் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துவிடும் என்றும், வியர்த்து மயங்கினால் தாமதியாமல் சர்க்கரை கொடுக்க வேண்டும் என்றும் மருத்துவர் அவரிடம் அழுத்திச் சொல்லியிருந்தார். சித்தி அதை வீட்டார் அனைவரிடமும் சொன்னார். எல்லோரும் தலையசைத்தார்கள்.

என் தந்தையின் தமக்கையாகிய அத்தை, அதே நோயால் காலில் ஒரு விரலை இழந்தவர். விருந்து நாள்களில் பாயசம் பரிமாறத் தொடங்கியதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். “நாங்க ரெண்டு பேரும் தனிக் கட்சி. நீங்களே குடிச்சிக் குண்டாவுங்க,” என்பார். “ஆகாது,” என்று குழந்தையும் மழலையில் கூடச் சொல்லும். அந்த வீட்டில் அவளை அத்தையளவு சீராட்டியவர் எவருமில்லை.

ஒரு ஞாயிறு காலை, ஊசி போட்டபின் குழந்தை பாதி இட்லியோடு எழுந்து விளையாடப் போய்விட்டாள். தெருக்குழாயில் தண்ணீர் வரவே, சித்தி குடங்களோடு வெளியே சென்றார். திரும்பியபோது குழந்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றி முடி வியர்வையில் ஒட்டியிருந்தது, அழைத்தும் திரும்பவில்லை. “தூக்கம் வருது போல, விடு,” என்றார் அத்தை. சித்தி அடுக்களைக்கு ஓடிச் சர்க்கரையை அள்ளிவந்தார். அத்தை அவருடைய மணிக்கட்டைப் பற்றினார்.

“ஏம்மா, புத்தி கெட்டுப் போச்சா? சக்கரை வியாதிப் புள்ளைக்குச் சக்கரையா?”

“கொறைஞ்சு போச்சு அண்ணி, கைய விடுங்க.”

“எனக்கு வெரல் போனது பத்தலையா? இவளுக்குக் காலே போவணுமா?”

சர்க்கரையில் பெரும்பகுதி தரையில் சிந்தியது. சித்தி கையை உதறி விடுவித்து, எஞ்சியதைக் குழந்தையின் உதட்டருகே கொண்டுபோனார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “ஆகாது,” என்றாள். நான் அருகில் நின்று கேட்டேன். அடுத்த கணம் கைகால்கள் வெட்டி இழுத்தன. வாயைத் திறக்கவே முடியவில்லை.

“மகுகெ ஏனாயிதம்மா?” என்று, குழந்தைக்கு என்ன ஆயிற்றென ஆட்டோக்காரர் கன்னடத்தில் திரும்பித் திரும்பிக் கேட்டார். மருத்துவமனையில் நரம்பின் வழியே குளுக்கோஸ் ஏற்றினார்கள். குழந்தை பிழைத்தாள், ஆனால் அதன்பின் ஒரு சொல்லும் பேசவில்லை. வளர்ந்து பெண்ணான இன்றும் சித்தியே ஊட்டுகிறார். எதைக் கொடுத்தாலும் வாயைத் திறக்கிறாள்.

அத்தையின் கை தடுக்காதிருந்தால் வலிப்பு வராமல் இருந்திருக்குமா, அல்லது அதற்கு முன்பே காலம் கடந்துவிட்டதா என்று சித்தி மருத்துவரிடம் கேட்டார். சொல்ல இயலாது என்றார் அவர். அத்தை தாம் இறக்கும்வரை யாரிடமும் அதைக் கேட்கவில்லை. இன்றுவரை எங்களில் எவருக்கும் அது தெரியாது.