பிரின்சுக்குப் பொடுகு

கிழிந்த குடையிலிருந்து பிரித்த கறுப்புத் துணியை நாயின் வயிற்றடியில் விரித்து, முதுகை எதிர்ப்போக்கில் சீப்பால் வாருகிறார் அம்சவல்லி. பிற்பகல் வெயிலில் வெள்ளைத் தூள் மெல்ல மிதந்து இறங்குகிறது, களத்தில் தூற்றும்போது பறக்கும் பதரைப் போல. பார்த்தபடியே எங்கோ போய்விடுகிறார். அந்நேரத்தில் சீர்காழிக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஒரு வாய்க்கால்தான் இருப்பதாகத் தோன்றுமாம்.

பிரின்சு, சிங்கப்பூர் போன மகன் இளம்பரிதி விட்டுப்போன கறுப்பு லாப்ரடார். நடவு நட்ட குடும்பத்தின் முதல் இஞ்சினியர் அவன். வீட்டுக்குள் படுத்த முதல் நாய் இது. இருவருக்கும் ஒரே மரியாதைதான்: "சாப்புட வாங்க." மற்ற உயிர்களுக்கெல்லாம் வாடா, போடி.

மகன் லீவில் வந்து தலைக்குத் தேய்த்துவிட்டு வைத்துப்போன ஷாம்புவைப் போட்டு நாயைத் தினமும் குளிப்பாட்டினார். ஈரம் காய்ந்து அது பக்கத்தில் வந்து படுத்தால், இளம்பரிதி இப்போதுதான் குளித்துவிட்டு வந்த வாசனை. பாட்டில் தீரத் தீர, ஊருக்கு வருகிறவர்களிடம் அவன் கொடுத்தனுப்பினான். யார் தலைக்கு என்று கேட்டதில்லை.

பிறகுதான் நாய்க்குச் சொறிதல், கறுப்பு முதுகெங்கும் வெள்ளைத் தூள். "என்னக்கா, ஒங்க சின்னப்புள்ளைக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே நரைச்சிடுச்சா?" என்றார் அடுத்த வீட்டு ஹமீதா பானு. விஷயம் போனில் சிங்கப்பூர் போனது. "சொறியா இருந்தா வீட்டுல வேணாம்மா. நாகப்பட்டினத்துல ஃப்ரெண்டு கேக்குறான், குடுத்துருவோம். ஞாயித்துக்கெழம வண்டி வரும்."

சனிக்கிழமையே நாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கால்நடை டாக்டர் சாரங்கபாணியிடம் ஓடினார். கறுப்புத் துணியை விரித்து வாரிப் பார்க்கச் சொன்னவர் அவர்தான். "உதுந்த தூளு ஊர்ந்து போச்சுன்னா பூச்சி. பிசுபிசுன்னு நாத்தம் அடிச்சா அது வேற. இது சும்மா கெடக்கு பாருங்க, வறட்சிதான். எதப் போட்டுக் குளிப்பாட்டுறீங்க?"

"சிங்கப்பூரு ஷாம்பு டாக்டரு."

"தெனமுமா?"

"எனக்குன்னா வாரம் ஒருக்கா, சீயக்காதான்."

"அது மனுசத் தலைக்கும்மா. அத நிறுத்துங்க, தானா சரியாயிடும்."

அன்றைக்கே மகனுக்குப் போன். "பூச்சியும் இல்ல, சொறியும் இல்ல. வண்டிய வேணாம்னு சொல்லு."

"அப்ப எதனாலம்மா?"

"இந்த ஊரு வெயிலுப்பா."

வாராவாரம் இந்தச் சோதனை. தூள் குறைந்துகொண்டே வருகிறது. இன்றைக்கு ஒரு சிட்டிகைகூட இல்லை, விழுந்த கொஞ்சமும் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. துணியை உதறி மடிக்கிறார். குளியலறைக்குப் போய் ஷாம்பு பாட்டிலை எடுத்து வருகிறார். ஒரே ஒரு சொட்டை விரலில் தொட்டு, பிரின்சின் கழுத்துப் பட்டையின் வெளிப்பக்கத்தில், தோலில் படாமல், நிதானமாகத் தடவுகிறார்.