அந்தமான் படகுத்துறையில் பெருமாள்சாமி

சுற்றுலா கூட்டிப்போகும் தொழிலில் ஊரைக் காட்டுவது எளிது. கூட வருகிறவர்களைச் சமாளிக்கத்தான் கட்டணம் வாங்குகிறோம். சொந்தக்காரர்களை ஒரே வேனில் குற்றாலத்துக்கு ஏற்றிப்போன யாருக்கும் இது புரியும்.

ராஜபாளையத்தில் எனக்கு ஒரு சின்ன டிராவல்ஸ் இருந்தது. தொண்ணூறுகளில் அரசாங்கம் அந்தமானுக்குப் பயணிகளை வரவழைப்பதில் மும்முரமாக இருந்தது. புதுப் படகுத்துறைகள், விடுதிகள், தீவுக்காரர்கள் கடை வைக்கக் கடன். அரசுத் திட்டங்களைக் குறை கண்டுபிடிப்பதற்காகவே படிக்கிறவன் நான். இதில் அதிகம் அகப்படவில்லை.

நிபந்தனை

ஸ்ரீவில்லிபுத்தூர் தபால் ஆபீஸில் வேலை பார்த்த ரங்கநாயகி, விடுமுறைப் பயணச் சலுகையில் போக, அப்பா பெருமாள்சாமியோடு வந்தார். ரங்கநாயகியின் தம்பி கோவிந்தன் படகுத்துறை கட்டும் கொத்து வேலைக்குப் போனவன். அங்கே குடியேறிய வங்காளிக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, அரசுக் கடனில் மெஸ் நடத்தினான். அவன் வீட்டில் கை நனைப்பதில்லை என்று அப்பா சொல்லிப் பல வருஷம். எப்படியாவது நனைக்க வைப்பது மகளின் ஆசை. அதை மோப்பம் பிடித்தவர்போல அவர் என்னிடம் சொன்னார்:

“தீவு அம்புட்டு கெடக்குல்ல. அவன் இருக்க தீவ விட்டுட்டு எங்க வேணாலும் வாரேன்.”

கப்பல்

அதே குழுவில் மில் மேஸ்திரி வேலுச்சாமியும் வந்தார். புரட்டாசியில் அவர் வீட்டு அடுப்பில் கவிச்சி ஏறாது. அதனாலேயே அந்த மாதமாகப் பார்த்துப் பயணத்துக்குப் பேர் கொடுத்திருந்தார். கப்பலில் பாதிப் பேர் வாந்தி எடுத்துக் கிடக்க, அவர் மட்டும் எந்தத் தீவில் என்ன மீன் என்று விசாரித்தபடி இருந்தார். புரட்டாசியாச்சே என்றேன்.

“ஊர்லதான் அண்ணாச்சி புரட்டாசி. கடலத் தாண்டுனா வெறும் செப்டம்பர்தான்.”

மெஸ்

சுற்றுலாப் படகு எங்கே சுற்றினாலும் மதியச் சாப்பாட்டுக்குக் கோவிந்தன் தீவில்தான் நிற்கும்; அரசு விடுதியும் சாப்பாட்டுக் கடைகளும் அங்கேதான். பெருமாள்சாமி படகைவிட்டு இறங்கினார், படகுத்துறைக் கொட்டகையைத் தாண்டவில்லை. மகன் வந்து கூப்பிட்டான். அவர் கடலைப் பார்த்தார். பார்க்கத் தகுந்த கடல்தான்; நிகண்டில் கடலுக்குள்ள பெயர்களை எல்லாம் சொல்லிப் பார்த்தேன், அந்தப் பச்சைக்கு ஒன்றும் ஒட்டவில்லை. ரங்கநாயகி சாப்பிடப் போகாமல் மெஸ் வாசலிலேயே நின்றார்.

கொஞ்ச நேரத்தில் வேலுச்சாமி கடுகடுவென்று வெளியே வந்து, கொட்டகையில் இருப்பவர்தான் கோவிந்தனின் அப்பா என்பது தெரியாமல் என்னிடம் புலம்பினார். கோவிந்தன் மனைவி சந்தனா, புரட்டாசி முடிகிறவரை மீனே சமைக்க மாட்டாளாம். மாமனார் ஊர் வழக்கமாம். பூஜை விடுமுறைக்கு வரும் கல்கத்தாக்காரர்கள் எழுந்து அடுத்த கடைக்குப் போகிறார்களாம், அவள் அசையவில்லையாம். மீன் தின்றே வளர்ந்த பெண்.

“கடலுக்கு நடுவுல மெஸ்ஸ வச்சிக்கிட்டு கத்திரிக்கா போடுதா, அண்ணாச்சி.”

இலை

பெருமாள்சாமி அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு எழுந்து போய், மெஸ் வாசலில் செருப்பை விட்டு, தொட்டியில் கை கழுவி, உட்கார்ந்தார். சந்தனா இலை போட்டாள். கோவிந்தன் தூணைப் பிடித்தபடி நின்றான். ரசத்துக்கு வந்தபோதுதான் மருமகளை நிமிர்ந்து பார்த்தார்.

“உப்பு கூடிப்போச்சு, தாயி. ராத்திரிக்குக் கொறச்சுப் போடு.”

கப்பல் விட்டது, துறை கட்டியது, கடன் கொடுத்தது எல்லாம் அரசாங்கம்தான்; ஆனால் அன்று சாயந்தரப் படகில் இரண்டு இருக்கை காலியாகத் திரும்பியதை எந்தத் திட்டத்தின் கீழ்ச் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.