அத்தையின் காலுக்குள் இருந்தது

நான் கால் முன்னால் வந்து பிறந்தவள். அம்மாவுக்கு அது செத்துப் பிழைத்த சமாசாரம். ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கோ கொண்டாட்டம். அப்படிப் பிறந்த பிள்ளை மிதித்தால் இடுப்புப் பிடிப்பு ஓடிவிடும் என்பார்கள். எட்டு வயதுக்குள் தெருவின் முக்கால்வாசி முதுகுகளை மிதித்திருந்தேன். பெரியவர்களை மிதித்துவிட்டு மிட்டாயும் வாங்கித் தின்னும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?

அத்தை, அப்பாவின் அக்கா. பிள்ளையில்லை என்று புருஷன் வீட்டில் அனுப்பிவிட, அடுத்த வீட்டில் தனியாக இருந்தாள். மில்லில் ஷிப்ட் முழுக்க நின்றபடி அறுந்த நூலை இணைக்கும் வேலை. இடுப்பில் தொடங்கித் தொடை வழியே குதிகால்வரை வலி. இடுப்பு நரம்பு அமுங்கியிருக்கிறது என்று ஒரு டாக்டர் படுக்கவைத்துப் பார்த்துச் சொன்னார். மாத்திரைக்குக் கேட்கவில்லை. நிற்க முடியாவிட்டால் வேலை போய்விடும். ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளையில் என்னைக் கூப்பிட்டாள்.

கதவைச் சாத்திவிடுவாள். மிதிக்கும்போது பேசக் கூடாது என்பது முறை. கால்களைத் தலையணைமேல் தூக்கி வைத்துக் குப்புறப் படுப்பாள். முதல் நாளே பார்த்துவிட்டேன். சேலை விலகிய இடத்தில், முழங்காலுக்குப் பின்னால், தோலுக்கடியில் நீலமாக ஒன்று சுருண்டு கிடந்தது. நான் மிதிக்க மிதிக்க அது மெலிந்து, உள்ளே போய், காணாமல் போனது. "வலி போயிருச்சு தாயி" என்று அத்தை எழுந்தாள். எழுந்த சற்று நேரத்தில் அது திரும்பி வந்தது. கெண்டைக்கால்வரை நெளிந்து இறங்கி, பார்க்கப் பார்க்கத் தடித்தது. அத்தை சிரித்தபடி எனக்குக் கடலைமிட்டாய் எடுத்துக்கொண்டிருந்தாள்.

என் காலுக்குப் பயந்து ஒளிகிறது என்று முதலில் பெருமையாக இருந்தது. எங்கே போய் ஒளிகிறது என்ற யோசனை வந்ததும் பெருமை போய்விட்டது. நான் நிற்கும் முதுகுக்குள்தானே? உள்ளங்காலுக்கடியில் ஏதோ ஏறி இறங்கியது. அத்தை மூச்சு விட்டிருப்பாள். அப்போது யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஒரு ஞாயிறு அலறிக்கொண்டு கீழே குதித்தேன்.

"அத்தை காலுக்குள்ள பாம்பு இருக்கு!"

அம்மா ஓடி வந்து, "ஏட்டி, வாயக் கழுவு" என்று முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அத்தையை நிற்கவைத்துக் காலைப் பார்த்தவள், தடித்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நின்னு நின்னு தடிச்சிருக்குன்னு இருந்துட்டேன்" என்றாள் அத்தை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் அத்தையை நிற்கவைத்தே பார்த்தார், ஸ்கேனும் எடுத்தார். ரத்தக்குழாய் வீங்கி, மேலே ஏற வேண்டிய ரத்தம் காலிலேயே தேங்குகிறது. அந்த வலி அச்சு அசலாக இடுப்பு நரம்பு வலி மாதிரியே இருக்கும் என்றார்.

"படுத்தாக் கொறையுதா?"

"பிள்ள மிதிச்சாக் கொறையும்."

"மிதிக்காம, சும்மா காலத் தூக்கி வச்சுப் படுத்துப் பாத்தியளா?"

யாரும் பார்த்ததில்லை. என் புகழ் அன்றோடு முடிந்தது.

சிகிச்சைக்குப் பிறகு நீலம் மறைந்தது. இறுக்கமான சாக்ஸ் போட்டுக்கொண்டு அத்தை மில்லுக்கும் போனாள். ஒரு ஞாயிறு உச்சிவேளையில் மறுபடியும் கூப்பிட்டாள். கதவைச் சாத்தி, பாய் விரித்து, குப்புறப் படுத்தாள்.

"இன்னும் வலிக்கா அத்தை?"

"இல்ல தாயி. செத்த நேரம் ஏறி நில்லு."

ஏறினேன். காலில் ஒன்றுமில்லை. ஆனால் முதுகு குலுங்கியது. சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். பாம்புக்குப் பயந்ததைவிட அன்று அதிகம் பயந்தேன். இறங்கப் பார்த்தபோது கையைப் பின்னால் நீட்டி என் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். வலியில்லாதவளுக்கு என் கால் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.