இரண்டு கோட்டிங் சாம்பல்

நகராட்சியில் அவருக்குப் பட்டப்பெயர் 'அழிரப்பர்'. சுவரில் யாராவது படம் வரைந்துவிட்டுப் போனால், சாம்பல் நிறம் அடித்து மறைப்பதுதான் இருபத்திரண்டு வருட உத்தியோகம். மற்றவர்கள் ஒரு கோட்டிங் இழுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவரோ விரிசலுக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட்டிங் அடித்தால்தான் வண்டியேறுவார். அடுத்த வாரமே அதே சுவரில் புதுப்படம் முளைத்திருக்கும். "உன்னைத் தேடித்தான்பா வர்றானுங்க" என்று சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொள்வார்.

மனைவிக்கு இந்த வேலையே ஆகாது. சொந்தக்காரர்களிடம் "பெயின்டரா இருக்காரு" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். மேலே கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். அவருக்கு அது தெரியும். வலிக்கவும் செய்தது.

அருங்காட்சியகத்தில் தெரு ஓவியக் கண்காட்சி போட்டிருந்தார்கள். 'ஸ்டேஷன் ரோடு சுவருக்குச் சாம்பல் அடிப்பவருக்கு' என்று எழுதி ஆபீசுக்கு இரண்டு டிக்கெட் வந்தது. கூப்பிட்டு வைத்து நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கப் போகிறார்கள் என்று அவர் போக மறுத்தார்.

"ஓசி டிக்கெட்டை யாராவது விடுவாங்களா?" என்று மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

உள்ளே ஆளுயரப் புகைப்படங்கள். நீலப் பசு, மாடிப்படி ஏறும் மீன், எல்லாமே அவர் கையால் மறைத்தவை. குனிந்த தலை நிமிராமல் நடந்தார். நகமெல்லாம் பெயின்ட் ஒட்டிய பெண் ஒருத்தி ஓடிவந்தாள்.

"அண்ணா, ஸ்டேஷன் ரோட்டுல சாம்பல் அடிக்கிறது நீங்கதானே?"

போச்சுடா என்று நினைத்தார். "மன்னிச்சிடும்மா, மேலிடத்து உத்தரவு..."

"அட, நீங்க வேற! மத்த ரோட்டுல வரைஞ்சா ஒரு மழைக்கே உரிஞ்சு வந்துடும். உங்க செவுத்துலதான் கலர் நிக்கும். நீங்க எப்போ அடிச்சு முடிப்பீங்கன்னு காத்துக்கிட்டு இருப்போம்ணா."

அடப்பாவி மனுஷா, இத்தனை வருஷமா நீயேதான் அவர்களுக்குச் சுவர் தயார் பண்ணிக் கொடுத்திருக்கிறாய்! அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

பக்கத்தில் நின்ற மனைவியைக் காணோம். பத்தடி தள்ளி, நீலப் பசு புகைப்படத்தின் முன்னால், முன்பின் தெரியாத ஒரு தம்பதியை அவள் வழிமறித்து நிறுத்தியிருந்தாள்.

"படம் கிடக்கட்டுங்க. பின்னாடி செவுரு எவ்வளவு வழவழன்னு இருக்கு, பாருங்க. எங்க வீட்டுக்காரர் அடிச்சது."