சுமை ஏற்றாத ஜெனரேட்டர்

"மேகமாம், மேகம்!" என்பார் ஜெனரேட்டர் மெக்கானிக். "டீசல் இல்லாம ஒரு நாள் மிதக்கச் சொல்லு, பார்ப்போம்."

அவர் வேலை பார்த்த நிறுவனத்துக்கு உலகமெங்கும் ஒரே ஏற்பாடு. 'கிளவுட்', அதாவது மேகம், என்ற பெயரில் அடுத்தவர்களின் தகவல்களைக் கணினிகளில் காத்து வைக்க ஒவ்வொரு வட்டாரத்திலும் மூன்று கட்டடங்கள். ஒன்றுக்கொன்று முப்பது கிலோமீட்டர் தள்ளி, தனித்தனி மின்பாதை, தனித்தனி கேபிள். ஒன்று படுத்தால் மற்றவை தாங்கும். மின்சாரம் போனால் பேட்டரி ஐந்து நிமிடம் தாக்குப்பிடிக்கும். அதற்குள் ஜெனரேட்டர் மொத்தச் சுமையையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. காகிதத்தை நிரப்பியவன் அவர் மனைவியின் தம்பி.

முதல் இரண்டு கட்டடங்களுக்கும் அவன்தான் மேலாளர். கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள் தொங்கும். ஒரு எஞ்சினின் மூடியையும் திறந்து பார்த்தவனில்லை. மாதச் சோதனையன்று மெயினை அணைக்கத் தைரியம் வராது. ஜெனரேட்டரை அரைமணி நேரம் வெறுமனே உறுமவிட்டு, 'சுமையேற்றிச் சோதித்தாயிற்று' என்று எழுதிவிடுவான். மூன்று வருடமாக இதே கூத்து. இந்த வருடம் தணிக்கைக்கு மெக்கானிக்கின் கையெழுத்தும் வேண்டுமாம்.

"ஒரு கையெழுத்துதானே மாமா?"

மெக்கானிக் புகைக்குழாய்க்குள் விரலை விட்டு எடுத்து நீட்டினார். எரியாத எண்ணெய் தார் போல ஒழுகியது. "சுமையில்லாம ஓட்டினா இப்படித்தான் அடைச்சுக்கும். நிஜமா சுமை வந்தா திணறிச் சாகும். மோந்து பாரு மாப்ளே."

"சட்டையில படப்போகுது!" துள்ளி விலகினான்.

"உன் கவலை உனக்கு."

"போடலைன்னா மூணாவது பில்டிங்குக்கு மாத்தச் சொல்லிடுவேன். அக்காவுக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க."

அவர் போடவில்லை. ஜெனரேட்டரைத் தொட்டே பார்க்காத ஏசி மெக்கானிக் போட்டார்.

மாற்றல் வந்தது. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். "என் தம்பிக்கு இல்லாத அறிவு உங்களுக்கு வந்திடுச்சாக்கும்!" என்று மனைவி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாவது கட்டடத்தின் பொறுப்பாளர் ஓர் அம்மாள். அவரைக் கேட்டுக்கொண்டு மெக்கானிக் முதல் வேலையாக மெயினை அணைத்தார். நாற்பது நொடியில் ஜெனரேட்டர் இருமி நின்றது; இங்கும் அதே அடைப்பு. பேட்டரி தீருமுன் மெயினைப் போட்டுவிட்டு, பத்து நாள் குழாய்களைச் சுரண்டினார். மறுபடி அணைத்தார். ஒரு மணி நேரம் அசராமல் ஓடியது.

மழைக்காலத்தில் ஒரு மதியம், புயற்காற்றில் வட்டாரம் முழுக்க மின்சாரம் போனது. மூன்று பாதையும் ஒரே நேரத்தில் போகும் என்று காகிதம் சொல்லியிருக்கவில்லை. ஆறாவது நிமிடம் போன் அடித்தது.

"மாமா! இங்க ரெண்டு பில்டிங்கும் படுத்திடுச்சு. எல்லாம் உங்க பக்கம்தான் வருது. தாங்குமா?"

பின்னால் ஜெனரேட்டர் சீராக முழங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் போனை ஒரு கணம் அதன் பக்கம் காட்டிவிட்டுக் காதில் வைத்தார்.

"இங்க தாங்கும். அங்க சட்டை பத்திரமா மாப்ளே?"