தன் கையால் ஒரு வாய்

பூனாவிலும் ஊரிலும் இருந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கிற சொந்தக்காரர்களுக்கும் சபையாருக்கும் என் அன்பின் ஸ்தோத்திரம்.

என் மைனி கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஒரு வருஷம் முடிகிறது. அண்ணனின் மனைவியை எங்கள் பக்கம் மைனி என்றுதான் சொல்வோம். மைனியின் மகள் மெர்சி என்னிடம் வந்து, நீங்களும் எழுதணும் அத்தை என்றபோது என்னால் ஆகாது என்றேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். கூட்டத்தில் ஜெபம் பண்ணச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். சபைக் குருவானவரை, நம்ம ஐயரை எழுதச் சொல் என்றேன்.

"ஐயர் அம்மாவோட சாட்சியை எழுதுவாரு. அம்மா சமையக்கட்டுல என்ன பேசுனாங்கன்னு ஒங்களுக்குத்தான அத்தை தெரியும்?" என்றாள்.

அது சரிதான். ஆகையால் சமையல்கட்டில் கேட்டதை எழுதுகிறேன். பிழை இருந்தால் மெர்சி திருத்திக்கொள்வாள்.

மைனி பிறந்தது நாசரேத்துக்குத் தெற்கே ஒரு சிறிய ஊர். தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். மைனி மூத்த பிள்ளை. பின்னால் பிறந்த தம்பி தங்கைகளை இடுப்பில் வைத்தே வளர்ந்ததால் இடது தோள் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அண்ணன் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே கவனிச்சுட்டேன். பாரம் தூக்கிப் பழகுன தோளு, நமக்கு ஆகும்னு சம்மதிச்சேன்" என்பார்கள். மைனி விடமாட்டார்கள். "நீங்க தோளயா பாத்திய? முறுக்குத் தட்டத்தான் பாத்திய" என்பார்கள்.

அண்ணனுக்குப் பூனாவில், கட்கி ராணுவத் தொழிற்சாலையில் வேலை. கலியாணமாகி மைனி பூனா வந்தார்கள். மெர்சி பிறந்தாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரருக்கும் இங்கே டிரைவர் வேலை கிடைத்தது. விஷ்ராந்த்வாடியில் மைனி வீட்டுக்கு அடுத்த சந்தில் குடிவந்தோம். அப்போது ஆளந்தி ரோட்டை விட்டு உள்ளே வந்தால் வெறும் பொட்டல். மத்தியானம் ஆண்கள் வேலைக்குப் போனபின் நான் முறத்தை எடுத்துக்கொண்டு மைனி வீட்டுக்குப் போய்விடுவேன். இரண்டு வீட்டு அரிசியையும் ஒன்றாக உட்கார்ந்து கல் பொறுக்குவோம். எனக்கு மராத்தி வராது, இந்தியும் வராது. அந்த மத்தியானங்கள்தான் எனக்குப் பேச்சு. இப்போது நினைத்தாலும் அந்தச் சமையல்கட்டு ஜன்னலின் வெயிலும், ஸ்டவ் வாசனையும், மைனி பாட்டை மறந்துவிட்டு ராகத்தை மட்டும் முனகுவதும் அப்படியே வருகிறது.

மெர்சி பள்ளிக்கூடம் போய், இனிப் பிள்ளை இல்லை என்று எல்லாரும் நினைத்திருந்த காலத்தில் ஆசீர் பிறந்தான். பிறந்ததும் அழவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் அழுதான். மூளைக்கு மூச்சுக்காற்று சரியாகப் போகவில்லை, கை கால் விறைப்பாகவே இருக்கும், பேச்சும் குறைவாகத்தான் வரும் என்று டாக்டர் சொன்னார். மைனி அவனைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி மாறி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கை கால் பயிற்சி கொடுத்து வந்தார்கள். பாரம் தூக்கிப் பழகிய தோள் என்று அண்ணன் அதன்பிறகு கேலி செய்யவில்லை.

சபையார் ஆசீருக்காக ஜெபித்தார்கள். உபவாசம் இருந்தார்கள். எல்லாரும் கேட்டது அவன் நடக்க வேண்டும் என்றுதான். மைனி எல்லா ஜெபத்துக்கும் ஆமென் சொல்வார்கள். ஒரு நாள் அரிசி பொறுக்கும்போது என்னிடம் சொன்னார்கள்.

"எல்லாரும் நடக்கணும்னு கேக்காவ. கேக்கட்டும். நான் வேற கேக்கேன்ட்டி."

"என்ன மைனி கேக்கிய?"

"நடக்கலன்னா ஒரு நாற்காலில வச்சுத் தள்ளிரலாம். ரோட்டுல போறவன்கூட ஒரு கை குடுப்பான். ஆனா எனக்குப் பொறவு மூணு வேளையும் யாரு உக்காந்து ஊட்டுவா? ஒரு நாள் ஊட்டுவாவ, ஒரு மாசம் ஊட்டுவாவ. அவன் கை அவன் வாய்க்குப் போணும். எனக்கு அது போதும்."

நான் ஊட்டுவேன் மைனி என்றேன். "நீ மட்டும் என்ன, எனக்குப் பொறவு நூறு வருசம் இருக்கப் போறியாக்கும்" என்றார்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

ஆசீருக்கு ஊட்டுவது லேசான காரியம் இல்லை. ஒரு வேளைச் சோறு முடிவதற்குள் மற்றவர்கள் சாப்பிட்டுக் கைகழுவி ஒரு தூக்கமும் போட்டுவிடலாம். மைனி ஊட்டினால் அவனுக்குப் பசி தீரும். ஆனாலும் மத்தியானம் மட்டும் முதலில் அவன் முன்னால் தட்டை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். ரசம் விட்டுக் குழையப் பிசைந்த சோறு. ஆசீரின் விரல்கள் பிரியாது. கையை மூடியபடியே சோற்றில் வைப்பான். தூக்கி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் வழியில் கொட்டிவிடும். வெறுங்கையை நக்குவான். பிறகு கோபத்தில் தட்டைத் தள்ளிவிடுவான். கரண்டியில் துணி சுற்றிக் கொடுத்தார்கள். அதுவும் வாய்க்குப் பக்கத்தில் வந்து கவிழ்ந்துவிடும். மைனி தரையைத் துடைத்துவிட்டு, "சரி, இன்னைக்கு இவ்வளவுதான். நாளைக்குப் பாப்போம் துரை" என்று சொல்லி ஊட்ட உட்கார்வார்கள். வருஷக்கணக்காக இது நடந்தது.

ஒரு சமயம் வெளியூரிலிருந்து சுவிசேஷ ஊழியர் ஒருவர் வந்து மைதானத்தில் சுகமளிக்கும் கூட்டம் நடத்தினார். சபையில் சிலர் வற்புறுத்தியதால் மைனி ஆசீரைக் கொண்டுபோனார்கள். மேடையில் அவனை நிறுத்தினார்கள். விழுந்துவிட்டான். மறுபடியும் நிறுத்தினார்கள். மறுபடியும் விழுந்தான். மைனி மேடையில் ஏறி அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். ஆசீருக்கு அப்போதே நல்ல கனம்.

மறுநாள் சமையல்கட்டில்தான் அழுதார்கள். "அவன் விழுந்ததக்கூடத் தாங்கிட்டேன்ட்டி. கீழ எறங்கி வரயில ஒரு அம்மா, தாய்க்கு விசுவாசம் போதாதுன்னு சொல்லுதா."

"நீங்க என்ன சொன்னிய?"

"என்னத்தச் சொல்ல. விசுவாசம் இல்லாமலா தெனமும் இவன் முன்னால தட்ட வைக்கேன்?"

இனி மைனி கோயிலுக்கு வரமாட்டார்கள் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு சாயங்காலத் தமிழ் ஆராதனைக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து, ஆசீரை மடியில் வைத்துக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

ஆனி மாதத்தில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் போகிற பாதயாத்திரைக்காரர்கள் எங்கள் ரோடு வழியாகத்தான் போவார்கள். அன்று தெருவே கூடி அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும். மைனியும் குடம் எடுத்துக்கொண்டு போவார்கள். தாகத்துக்கு என்ன மதம் என்பார்கள். அப்படி ஒரு வருஷம், ஆசீரைப் பக்கத்து வீட்டு காக்குவிடம் விட்டுப் போனோம். காக்கு என்றால் மராத்தியில் சித்தி மாதிரி. அந்தத் தெருவுக்கே அவர் காக்கு. எங்களுக்கும் அவர் பேச்சு பாதிதான் புரியும், அவருக்கும் அப்படித்தான்.

திரும்பி வந்தபோது ஆசீர் காக்கு வீட்டு வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் மூடிய கைக்குள் பாக்ரித் துண்டு ஒன்று. சோள மாவில் தட்டிச் சுடுகிற கெட்டி ரொட்டிதான் பாக்ரி. காலையில் சுட்டது விறைத்துக் கட்டை மாதிரி இருந்திருக்கிறது. பிள்ளை சும்மா இருக்கட்டும் என்று, தன் பேரனுக்குக் கொடுப்பதுபோல காக்கு அவன் கையில் ஒரு துண்டைத் திணித்திருக்கிறார். அவன் விரல் பிரியாது என்று நாங்கள் எத்தனை நாள் வருத்தப்பட்டோமோ, அந்தப் பிரியாத விரல்தான் பாக்ரியைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. கை மெதுவாக மேலே போனது. கடித்தான். மென்றான். மறுபடியும் கை போனது.

நான் ஐயோ மைனி என்று சத்தம் போடப் பார்த்தேன். "பேசாதட்டி. முடிக்கட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். மைனியின் கண்ணீரைப் பார்த்து காக்கு பயந்துபோனார். கொடுக்கக்கூடாததைக் கொடுத்துவிட்டோமோ என்று "காய் ஜாலா, காய் ஜாலா" என்று கேட்டுக்கொண்டே நின்றார். என்ன ஆச்சு என்று மைனிக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள்.

அன்று மைனி சொன்னது இது. "நாம அரிசிய வச்சுக்கிட்டே வருசக்கணக்கா கெஞ்சிருக்கோம். ஆண்டவரு சோளத்தோட பக்கத்து வாசல்ல நின்னுருக்காரு. நெல்லைக்காரிக்குச் சோத்த விட்டா வேற ஆகாரமே தெரியாமப் போச்சே."

அதன்பிறகு மைனி காக்குவிடம் பாக்ரி தட்டப் படித்தார்கள். முதலில் ஓரமெல்லாம் பிய்ந்து கோணலாக வரும். "இது ரொட்டியா, மகாராஷ்டிரா மேப்பா?" என்று அண்ணன் கேட்பார்கள். "மேப்புன்னா பூனா எங்க இருக்குன்னு பாத்து அங்கன இருந்து பிய்ச்சுத் தின்னுங்க" என்பார்கள் மைனி. ஆசீருக்கு மட்டும் தனி ஆகாரமாக இருக்கக்கூடாது என்று ராத்திரிக்கு வீடு முழுவதும் பாக்ரியாகிவிட்டது. ராத்திரி சோறு இல்லாமல் ஒரு நாளும் படுக்காத என் அண்ணன், பிள்ளைக்காக முகம் சுளிக்காமல் அதைச் சாப்பிட்டார்கள்.

எங்கள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை போடுகிறவர்கள் கவரின் மேல் காரணத்தை எழுதுவார்கள். பரீட்சையில் தேறியதற்காக, வேலை கிடைத்ததற்காக, புது வீடு கட்டியதற்காக என்று செயலாளர் ஐயா சத்தமாக வாசிப்பார். அந்த ஞாயிறு அவர் ஒரு கவரை எடுத்தார், கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார், பிறகு வாசித்தார். "மகன் ஆசீர் தன் கையால் ரொட்டி எடுத்துச் சாப்பிட்டதற்காக." பின்னால் யாரோ சிரித்தார்கள். ஆராதனை முடிந்ததும் செயலாளர் ஐயா மைனியிடம் வந்து, "அம்மா, கொஞ்சம் பெரிய காரியங்களுக்குத்தான் பொதுவா..." என்று இழுத்தார்.

"ஒங்க பேரன் எஞ்சினியர் ஆனது பெரிய காரியம்தான் ஐயா. எங்க வீட்ல இது அதவிடப் பெருசு" என்றார்கள் மைனி.

பூனாவிலேயே இன்னொரு பக்கம் இருக்கிற ஔந்திலிருந்து மெட்ராஸ்காரப் பெண் ஒருத்தி கைப்பிள்ளையோடு வந்து கடைசிப் பெஞ்சில் அழுதுகொண்டே இருப்பாள். கணவருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பேறுகாலத்துக்குத் தாயார் வர முடியவில்லை. ஒரு நாள் மைனி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

"பிள்ளை பால் குடிக்காளா?"

"குடிக்கறா ஆன்ட்டி. எனக்குத்தான் ஒண்ணுமே பிடிக்கல. நான் நல்ல அம்மா இல்ல."

"நல்ல அம்மான்னு யாரும்மா சர்டிபிகேட் குடுக்கா? போன வாரம் தலை சீவாம வந்த. இன்னைக்குச் சீவிருக்க. அதுக்கு ஒரு கவர் போடு."

அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். அடுத்த வாரம் செயலாளர் ஐயா, "தலை சீவிக்கொண்டு கோயிலுக்கு வந்ததற்காக" என்று வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கம் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு மகள் கோபம் தீர்ந்து பேசியதற்காக, பிள்ளை ராத்திரி தூங்கியதற்காக என்று கவர்கள் வர ஆரம்பித்தன. பிரசங்கத்தைவிட இது நீளமாகிறது என்று செயலாளர் ஐயா குறைப்பட்டபோது, அப்படியானால் பிரசங்கத்தைக் குறைத்துக்கொள்கிறேன் என்று ஐயர் சொன்னார். அதற்கும் ஒரு கவர் போடலாம் என்று அண்ணன் என் வீட்டுக்காரர் காதில் சொன்னார்கள்.

மைனிக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. கடைசியில் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்தபோது ஆசீருக்கு மீசை அரும்பியிருந்தது. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அழுதானா, தேடினானா என்று கேட்கவில்லை. ஒன்றையே கேட்டார்கள்.

"யாரு ஊட்டுனா?"

"யாரும் ஊட்டல மைனி. அவனேதான்."

கண்ணை மூடிக்கொள்வார்கள். உதடு அசையும். எனக்குக் கேட்காது. ஆனாலும் என்ன சொல்கிறார்கள் என்று தெரியும்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஊரிலிருந்து வந்த உறவினர்கள் ஆசீரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஐயோ, தாயில்லாப் பிள்ளை என்று ஆளுக்கொரு வாய் சோறு பிசைந்து அவன் வாயருகே கொண்டுபோனார்கள். எல்லாம் அன்பினால்தான். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்பினான். துக்கத்தில் சாப்பிட மாட்டேன் என்கிறான் என்றார்கள். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. இருந்தாலும் சொன்னேன். "ஊட்டாதிய. அவன் அப்படிச் சாப்பிட மாட்டான்." அதற்குள் காக்கு முக்காட்டோடு உள்ளே வந்தார். யாரும் கேட்காமலே பாக்ரி சுட்டுக் கொண்டுவந்திருந்தார். செத்த வீட்டில் ரொட்டியா என்று ஒரு பெரியவர் கேட்டார். ஆசீர் தன் கையை நீட்டினான். "நானே" என்றான்.

மைனியின் கடைசி நாட்களில் இரத்தம் கொடுத்த வாலிபர்களுக்கும், ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணை இருந்த சபைப் பெண்களுக்கும், ஔந்திலிருந்து தன் மகளையும் கூட்டிக்கொண்டு தினமும் வந்த அந்தத் தாய்க்கும், ஐயருக்கும், செயலாளர் ஐயாவுக்கும், ஊரிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்த உறவினர்களுக்கும், தமிழ் வாசிக்கத் தெரியாததால் இதை மெர்சி வாசித்துச் சொல்லப்போகிற எங்கள் காக்குவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒன்று. நீங்கள் ஆசீரைப் பார்க்க வரவேண்டும். வரும்போது சாப்பாட்டு நேரமானால் அவன் பக்கத்தில் உட்காருங்கள். தட்டை அவன் வலது கைக்குக் கிட்டே வையுங்கள். கொஞ்சம் சிந்தும், ரொம்ப நேரம் ஆகும், உங்கள் சாப்பாடு ஆறிப்போகும். தயவுசெய்து ஊட்டிவிட வேண்டாம். பேசிக்கொண்டு இருங்கள். அவன் முடிப்பான்.