ஓடைக்கரையில் மஞ்சள் பொடி

செடி ஆராய்ச்சி நிலையத்தில் அவளை ரிப்பன் அக்கா என்பார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பத்தொன்பது வருடமாக ஒரே வேலை. பூக்கும் காலத்தில் ஓடையில் தொடங்கி மலைச்சரிவு வரை ஏறி, வழியிலுள்ள ஒரே இனப் புதர்களில் ஆணுக்கு வெள்ளை ரிப்பன், பெண்ணுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி நோட்டில் எழுத வேண்டும்.

அந்த இனத்தில் ஆண் தனிப் புதர், பெண் தனிப் புதர். பெண் காய் சுமக்க வேண்டும், தண்ணீர் அதிகம் வேண்டும். அதனால் ஓடைக்கரையில்தான் பிழைக்கும். ஆண் மகரந்தத்தை உதிர்த்துவிட்டால் தீர்ந்தது வேலை. மேலே காய்ந்த பாறை இடுக்கிலும் காலத்தை ஓட்டிவிடும்.

"பாரமெல்லாம் கீழ இருக்கறவ தலையில. மேல நிக்கறவருக்குக் காத்து வாங்கறதுதான் வேலை" என்று அவள் சொன்னால் அதிகாரிகூடச் சிரித்துவிடுவார்.

சிரிப்பெல்லாம் சரி. பழகிப்போன கைக்கு ஒரு கெட்ட குணம், கண்ணைக் கேட்காமலே வேலையை முடித்துவிடும். நாலு வருடத்துக்கு முன் அவளுக்கு முழங்கால் வலி வந்தது. ஓடைக்கரையில் குனிந்து பூவைப் பார்ப்பதை விட்டாள். அங்கே புதிதாக வளர்ந்த புதர்கள் முதல்முறை பூத்தபோதும் பார்க்கவில்லை. கரையில் இருந்தால் பெண்தானே! சிவப்பையே கட்டிக்கொண்டு போனாள். பாவி, யாரையும் ஏமாற்ற நினைத்துச் செய்யவில்லை.

போன வருடம் அவள் தம்பி, மனைவியையும் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு அந்தக் கரைக்கே குடிவந்தான். கிணறு தோண்டுமுன் அவளிடம்தான் கேட்டான்.

"தண்ணி நிக்குமாக்கா?"

"எவ்வளவு சிவப்பு ரிப்பன்னு பாருடா. தண்ணியில்லாத எடத்துல பொம்பளைச் செடி நிக்காது."

இந்த வருடம் கரை வேலையை முடித்து முகம் கழுவப் போனவள், வேலைச் சட்டையின் கையில் மஞ்சள் பொடியைப் பார்த்தாள். தட்டினாள், விரலில் ஒட்டியது. மகரந்தம். அது ஆண் பூவில்தான் இருக்கும். அவளோ இன்னும் மேட்டில் ஏறவே இல்லை.

வலியை மறந்து மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புதுப் புதர் நாற்பத்துமூன்றில் நாற்பத்தொன்று ஆண். அத்தனையிலும் அவள் முடிச்சு, சிவப்பு ரிப்பன். பெண் கன்றுகள் தண்ணீர் போதாமல் பூக்குமுன்பே செத்திருக்கின்றன. பழைய பெண் புதர்களின் நுனி கருகியிருந்தது. போன வருடம் அதைப் பூச்சி என்று எழுதியவளும் அவள்தான். ஓடையில் கணுக்கால் அளவுத் தண்ணீர் மினுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். மண்ணுக்கடியில் மலையின் வறட்சி எப்போதோ கீழே இறங்கி வந்துவிட்டது.

தம்பி வீட்டுக்கு எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் கிணற்றடியில் கயிறும் கையுமாக நின்றான்.

"நல்ல வேளை வந்தக்கா. இதுல ஒரு முடிச்சுப் போடு. நீ போட்டா அவுறாது."

"எதுக்குடா?"

"வாளி எட்டல. போன மாசம்தான் ஒரு துண்டு சேத்தேன், பத்தல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"வெயில் காலம்னு விட்டுட்டேன். காலைல கதவத் திறந்தா உன் சிவப்பு ரிப்பன்தான் கண்ணுல படுது. எனக்கென்ன பயம்?"

உள்ளே பிள்ளைகள் குளிக்கத் தண்ணீர் கேட்டுச் சத்தம் போட்டார்கள். அவள் முடிச்சுப் போட்டாள். முடிச்சு ஒழுங்காகவே விழுந்தது. கயிற்றில் மஞ்சள் ஒட்டியது.

"தம்பி, நான் பாக்கலடா" என்றாள்.

"எதைக்கா?" என்று சிரித்தபடியே அவன் வாளியை இறக்கினான்.

சேர்த்த கயிறு முழுக்க உள்ளே போனது. தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை.